நாற்பது பச்சைப் புள்ளடி

அம்ரா: சுத்தி வளைக்காதீங்க சாச்சா. நாற்பது படிவத்தையும் நீங்களே ஒரு மூலையில குந்தியிருந்து நிரப்பினீங்களா, இல்லையா?

ஆதம்பாவா: பிளேன்டீ குடிச்சியா?

அம்ரா: சாச்சா…

ஆதம்பாவா: இல்ல, கெம்பஸ்ல இருந்து பஸ்ஸில வந்து இறங்கின புள்ள, உம்மாட முகத்தையும் பாக்காம நேர கடற்கரைக்கு, மீன் வாடிக்கு வந்து நிக்கிறா. வந்ததும் வராததுமா கள்ளனைப் புடிச்ச பொலிஸ் மாதிரிக் கேள்வி.

அம்ரா: நான் வந்தது உம்மாக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். நாலு மணிக்கு முந்தி நான் கெம்பஸுக்குப் பதில் சொல்லோணும்.

ஆதம்பாவா: என்ன பதில்?

அம்ரா: கடிதத்தை வாசிக்கிறன், கேளுங்க. "மாணவி தனது ஆய்வுடன் இணைத்துள்ள நாற்பது வினாக்கொத்துகளும் ஒரே நபரால் நிரப்பப்பட்டவை எனச் சந்தேகிக்க இடமுண்டு. இன்று பிற்பகல் நான்கு மணிக்கு முன் தகுந்த விளக்கம் தராவிடின்…"

ஆதம்பாவா: தராவிட்டா?

அம்ரா: விசாரணை. அது முடியுமட்டும் பட்டம் இல்ல. கள்ளப் படிவம்தான் எண்டு முடிவாச்செண்டா நாலு வருசப் படிப்பும் ஆத்தில கரைச்ச புளி.

ஆதம்பாவா: அல்லா… அவ்வளவுக்கா?

அம்ரா: உம்மா பட்டமளிப்புக்கு சாரி எடுத்து வச்சிருக்கா சாச்சா. பக்கத்து வீட்டு ஷிஃபானா மாமிக்குக் காட்டியும் முடிஞ்சுது. எனக்குப் பயமா இருக்கு.

ஆதம்பாவா: நான் அண்டைக்கே சொன்னன். படிக்கிறதெண்டா ஒண்டைப் படி எண்டு. நீ அரசியலும் வேணும், சர்வதேச உறவும் வேணும், உளவியலும் வேணும் எண்டு மூணையும் ஒரு பட்டத்துக்குள்ள போட்டுக் கட்டின. வாடியில கேக்கிறாங்க, "உங்கட நானாட மகள் என்ன படிக்கிறா?" எண்டு. நான் சொல்லி முடிக்க வலை கரைக்கு வந்திரும்.

அம்ரா: துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் வந்தா மட்டும் எனக்குப் போன் எடுப்பீங்க, என்னத்துக்கு வந்திருக்காங்க எண்டு கேக்க.

ஆதம்பாவா: அது நாட்டு நடப்பு. போன கிழமை சாம்பல் நிறத்தில ஒண்டு வந்தது, அது எந்த…

அம்ரா: சாச்சா! நாடு நாட்டோட ஏன் மல்லுக்கட்டுது எண்டு ஒரு பக்கம் படிக்கிறம். அந்த நேரம் மனுசன்ட மண்டைக்குள்ள என்ன நடக்குது எண்டு மற்றப் பக்கம் படிக்கிறம். ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் விளங்கும். அதுக்குத்தான் எடுத்தனான்.

ஆதம்பாவா: அப்ப என்ட மண்டைக்குள்ள இப்ப என்ன இருக்கு, சொல்லு பாப்பம்.

அம்ரா: பொய் இருக்கு.

ஆதம்பாவா: …நல்லாத்தான் படிப்பிச்சிருக்காங்க.

அம்ரா: சர்வதேச உறவு படிப்பிக்கிற மேடம் என்ட ஆய்வைப் பாத்திட்டு "அருமை" எண்டு எழுதினவ. எங்கட நிலாவெளிச் சோனகரும் சாம்பல்தீவுத் தமிழரும் ஒரே கரையில மாறி மாறிக் கரைவலை இழுக்கிறாங்க, ஆனா ஒருத்தரை ஒருத்தர் துளியும் நம்பேல்ல. யுத்தம் முடிஞ்சாலும் மனசு ஆறேல்ல எண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும் எண்டு கேட்டவ.

ஆதம்பாவா: பாத்தியா! நல்ல மனுசி.

அம்ரா: அவ கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிச்சவ. உளவியல் படிப்பிக்கிற ஞானசேகரம் சேர் படிவத்தை ஒண்டொண்டாப் புரட்டியிருக்கார்.

ஆதம்பாவா: வேலையில்லாத மனுசன். என்னத்தைக் கண்டாராம்?

அம்ரா: முதலாவது, மை. நாற்பதும் பச்சை.

ஆதம்பாவா: பேனை எண்டா எல்லா நிறத்திலயும் இருக்கும்தானே.

அம்ரா: இங்க இருபது வீடு, சாம்பல்தீவில இருபது வீடு. நாற்பது வீட்டிலயும் பச்சைப் பேனையா? அரசாங்கக் கச்சேரியில கூட பெரிய உத்தியோகத்தர் ஒருத்தர்ட்டத்தான் இருக்கும்.

ஆதம்பாவா: சந்தையில மலிவா வித்திருப்பான்.

அம்ரா: ரெண்டாவது, பன்னிரண்டு கேள்விக்கும் நாற்பது பேரும் முதலாவது கட்டத்திலதான் புள்ளடி போட்டிருக்காங்க. "ஒருபோதும் இல்லை." "ஒருபோதும் இல்லை." "ஒருபோதும் இல்லை."

ஆதம்பாவா: எலக்சன்ல கூட எங்கட ஆட்கள் இப்படி ஒற்றுமையாப் போட்டதில்ல.

அம்ரா: சிரிக்காதீங்க. மூணாவது, ஒன்பதாம் கேள்வி. "மற்ற ஊராரோடு கடலுக்குப் போகப் பயப்படுவேன்." இது திருப்பிப் போட்ட கேள்வி.

ஆதம்பாவா: திருப்பிப் போட்டதெண்டா?

அம்ரா: வாசிக்காமக் கோடு இழுக்கிறவனைப் புடிக்கிறதுக்கு வைக்கிறது. மற்றதெல்லாம் "அவங்களை நம்புவேன்", "அவங்களிடம் உதவி கேட்பேன்" எண்டு இருக்கும். நம்பாதவன் அதுக்கெல்லாம் "ஒருபோதும் இல்லை" எண்டு போட்டா, இதுக்கு "எப்போதும்" எண்டுதானே போடோணும்? நாற்பது பேரும் இதுக்கும் "ஒருபோதும் இல்லை". அவங்களை நம்பவும் மாட்டம், அவங்களோட கடலுக்குப் போகப் பயமும் இல்ல. இது என்ன கதை?

ஆதம்பாவா: பயமில்ல எண்டது உண்மைதானே.

அம்ரா: அப்ப மற்றது?

ஆதம்பாவா: …பிளேன்டீ ஆறுது புள்ள.

அம்ரா: நீங்கதான் நிரப்பினீங்க எண்டா இப்பவே சொல்லுங்க. நான் கோவிக்கமாட்டன்.

ஆதம்பாவா: வல்லாஹி, சத்தியமாச் சொல்றன், நான் நிரப்பினது ஒண்டே ஒண்டு. என்ட படிவம். கையெழுத்துகளைப் பாரு, ஒண்டைப் போல மற்றது இருக்கா? எனக்கு நாற்பது மாதிரி எழுத வருமா? ஒரு மாதிரி எழுதவே கை நடுங்குது.

அம்ரா: அப்ப எப்படி நாற்பது பேரும் ஒரே மாதிரி…

ஆதம்பாவா: நீதானே அண்டைக்குப் போன்ல…

அம்ரா: அது வேற கதை. அதை விடுங்க.

ஆதம்பாவா: சரி. விட்டன்.

அம்ரா: விசாரணை வந்தா உங்களையும் கேப்பாங்க. சாம்பல்தீவு ஆட்கள்ட இருபது படிவத்தைச் சேத்துத் தந்த சின்னராசா மாமாவையும் கேப்பாங்க.

ஆதம்பாவா: அதுக்குத்தான், காலையில நீ படிவத்தில பிரச்சினை எண்டு போன்ல சொன்ன உடனேயே அவருக்குப் போன் எடுத்திட்டன். அந்தா, பைக் சத்தம் கேக்குது. அவர்தான். சாம்பல்தீவில இருந்து பறந்து வந்திருக்கார் மனுசன்… ராசா அண்ணன்! வாங்க வாங்க, உள்ள வாங்க, கதிரையில… ம்ம்… இல்ல. அங்கயே நில்லுங்க!

சின்னராசா: உள்ளுக்கு வர எனக்கென்ன ஆசையே? பிள்ளைக்காக வந்தனான். உங்கட மூஞ்சையைப் பாக்க வரேல்லை.

ஆதம்பாவா: உங்கட மூஞ்சையை மட்டும் பாத்தா எங்களுக்கு மீன் படுமா?

அம்ரா: என்ன இது? ரெண்டு பேருக்கும் என்ன நடந்தது?

சின்னராசா: பிள்ளை, நீர் எழுதினதுதான் சரி. எங்களுக்குள்ள நம்பிக்கை எண்ட பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கெம்பஸ் சேரிட்ட நான் எங்கை வேணுமெண்டாலும் வந்து சொல்லுவன்.

ஆதம்பாவா: நானும் சொல்லுவன். போன மாசம் எங்கட முறையில வலையை வளைச்சது ஆரு? கேளு புள்ள, கேளு.

சின்னராசா: அது வெள்ளிக்கிழமையெல்லே? நீங்கள் ஜும்ஆவுக்குப் போனா வலையை நாங்கள்தானே வளைக்கிறது. காலாகாலமா…

ஆதம்பாவா: அண்ணன், அதைச் சொல்லாதீங்க.

சின்னராசா: ஓ… ஓம் ஓம். களவாத்தான் வளைச்சனாங்கள், பிள்ளை. வெக்கங்கெட்டுப் போய்.

அம்ரா: கொஞ்சம் பொறுங்க. வெள்ளிக்கிழமை உங்கட முறையை அவங்களுக்கு விட்டுக்குடுக்கிறீங்களா சாச்சா?

ஆதம்பாவா: …விடாம? தொழுகை நேரத்தில கடலைச் சும்மா போடவா?

சின்னராசா: எங்கட கோயில் கொடியேற, எங்கட முறை அவைக்கு. பத்து நாளும் நாங்கள் மச்சம் மாமிசம் தொடமாட்டம்.

அம்ரா: இது எழுத்தில எங்கயும் இருக்கா?

சின்னராசா: எழுத்து என்னத்துக்கு?

அம்ரா: நான் நாலு வருசமா ஐரோப்பாக்காரன் எழுதின ஒப்பந்தமெல்லாம் பாடமாக்கியிருக்கிறன். வீட்டு வாசல்ல இப்பிடி ஒண்டு கிடக்கு, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல!

ஆதம்பாவா: நீ கேக்கேல்லயே. உன்ட பன்னிரண்டு கேள்விக்குள்ள இது இல்ல.

சின்னராசா: அதுக்கில்லை பிள்ளை, இப்ப நாங்கள் கோவம். அது பழைய கதை. இப்ப முகத்தில முழிக்கிறேல்லை. ஆ, நானா, மறந்துபோடுவன். உங்கட மனுசியின்ர பிரஷர் குளிசை ஆசுபத்திரியில எடுத்தனான். பைக் பெட்டிக்குள்ள கிடக்கு. காலமை ஒண்டு, பின்னேரம் பாதியாம்.

ஆதம்பாவா: ராசா அண்ணன்…

சின்னராசா: என்ன? பாதி எண்டுதான் நர்ஸ் மிஸ் சொன்னவ.

அம்ரா: முகத்தில முழிக்கிறதில்ல. குளிசை மட்டும் எடுத்துக் குடுக்கிறது.

சின்னராசா: …பிடிச்சிட்டாள்.

ஆதம்பாவா: நடிக்கத் தெரியாட்டி நடிக்க வரக்கூடாது.

சின்னராசா: நீங்கள் பெரிய நடிகர். உள்ளுக்கு வா எண்டு கதிரையும் காட்டினவர் ஆர்?

அம்ரா: போதும்! ரெண்டு பேரும் இருங்க. இப்ப உண்மையைச் சொல்லுங்க. படிவத்தை எங்க வச்சு நிரப்பினீங்க?

ஆதம்பாவா: இங்கதான்.

அம்ரா: இந்த வாடியிலயா? ஆரு ஆரு?

ஆதம்பாவா: எல்லாரும்தான்.

அம்ரா: நாற்பது பேரும்? ஒரே நாள்ல?

சின்னராசா: கடல் அடிச்சது பிள்ளை, வலை வளைக்க ஏலாமல் கிடந்தது. எங்கட இருபது பேரும் லாண்ட்மாஸ்டர் ட்ராக்டரில ஏறி வந்தம். பேனை ஒண்டுதான் கிடந்தது, மீனவர் சங்கத்துப் பேனை. கைக்குக் கை மாறி வர மத்தியானம் ஆகிப்போச்சு.

ஆதம்பாவா: பிறகு சோறு. பாரை மீன் ஆணம், நெத்தலிப் பொரியல்.

சின்னராசா: ஆணத்துக்குப் புளி காணாது. அண்டைக்கே சொன்னனான்.

அம்ரா: ஒருத்தரை ஒருத்தர் நம்பமாட்டம் எண்டு எழுதிப்போட்டு, ஒரு சட்டியில சோறு திண்டிருக்கிறீங்க.

ஆதம்பாவா: பசிச்சது.

அம்ரா: ஏன் சாச்சா? ஏன் அப்பிடி எழுதினீங்க?

ஆதம்பாவா: ராசா அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊத்து புள்ள.

அம்ரா: மாமா, நீங்க சொல்லுங்க.

சின்னராசா: நானா சொல்லுவார்.

ஆதம்பாவா: அது… நிவாரணம்.

அம்ரா: நிவாரணமா?

ஆதம்பாவா: ஓம். நிவாரணம்தான். ரெண்டு வருசத்துக்கு முந்தி சமாதானத் திட்டமெண்டு ஒண்டு வந்தது தெரியுமா? எந்த ஊர்ல அடிபிடியோ அந்த ஊருக்கு மண்டபம் கட்டினாங்க, வள்ளத்துக்கு என்ஜின் குடுத்தாங்க. இங்கயும் வந்து கேட்டாங்க. நாங்க மடச்சாம்பிராணியள், எங்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல எண்டு சொல்லிட்டம். ஆளுக்கொரு தொப்பியத் தந்திட்டுப் போயிட்டாங்க.

சின்னராசா: வெள்ளைத் தொப்பி. ரெண்டாம் தோயலில கிழிஞ்சது.

ஆதம்பாவா: சமாதானம் இல்லாத இடத்துக்குத்தான் சமாதானக் காசு வரும் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. உன்ட படிவத்தைப் பாத்ததும் அடுத்த திட்டமும் வருது எண்டு நினைச்சிட்டம்.

அம்ரா: நான் மேல பெருசா எழுதினன், இது நிவாரணப் படிவம் இல்ல எண்டு.

ஆதம்பாவா: எல்லாப் படிவத்திலயும்தான் அப்பிடி எழுதியிருக்கு.

சின்னராசா: ஓம் பிள்ளை. என்ஜின். என்ஜினுக்குத்தான்.

அம்ரா: பொறுங்க… பொறுங்க. இது நல்லா இருக்கு.

ஆதம்பாவா: என்ன நல்லா இருக்கு?

அம்ரா: இதுக்கு எங்கட பாடத்தில பேரே இருக்கு சாச்சா. கேக்கிறவன் என்ன தருவான் எண்டு பாத்துப் பதில் சொல்லுறது. இதைச் சேருக்கு எழுதலாம். லெப்டொப் எங்க… "பதிலளித்தோர் தமக்கு உதவி கிடைக்கும் என எதிர்பார்த்தமையால் வேண்டுமென்றே பிழையான விடைகளை அளித்துள்ளனர். இதில் ஆய்வாளரின் தவறு எதுவும் இல்லை."

ஆதம்பாவா: எழுது, எழுது. அப்பிடியே எழுது.

அம்ரா: நாற்பது பேரும் ஒண்டா இருந்து நிரப்பினபடியாப் பச்சை மை. கள்ளப் படிவம் இல்ல. சேர் ஏத்துக்கொள்ளுவார். ஒரு அத்தியாயம் மாத்தி எழுதச் சொல்லுவார், அவ்வளவுதான். பட்டம் தப்பும் சாச்சா!

ஆதம்பாவா: அல்ஹம்துலில்லாஹ். நான் சொன்னன்தானே, பிளேன்டீ குடிச்சா எல்லாம் சரிவரும்.

சின்னராசா: பிள்ளை… ஒருக்கா அதைத் திருப்பி வாசியும்.

அம்ரா: எதை மாமா?

சின்னராசா: அந்த "வேண்டுமென்றே" எண்டு வந்த இடம்.

அம்ரா: "உதவி கிடைக்கும் என எதிர்பார்த்தமையால் வேண்டுமென்றே பிழையான விடைகளை…"

சின்னராசா: ம்… எங்கட சனம் என்ஜினுக்கு ஆசைப்பட்டுப் பொய் எழுதினவை எண்டு வருது, என்ன?

அம்ரா: ஒருத்தர்ட பேரும் வராது மாமா. எல்லாருக்கும் இலக்கம்தான்.

சின்னராசா: பேர் வராது. ஊர் வரும்.

அம்ரா: …ஊர் வரும்.

சின்னராசா: நாளைக்கு ஆரும் வாசிச்சா, சாம்பல்தீவும் நிலாவெளியும் கை நீட்டுறதுக்காகப் பொய் சொல்லுற ஊர் எண்டு… இல்லை, நான் சும்மா கேட்டனான்.

ஆதம்பாவா: இருக்கட்டும் அண்ணன். ஊருக்கு இதால ஒண்டும் குறையாது. புள்ள தப்பட்டும்.

சின்னராசா: ஓம், ஓம். பிள்ளை தப்பட்டும். அண்டைக்கு எங்கட முற்றத்தில வந்து நிண்டும் நீங்கள் இதைத்தானே சொன்னனீங்கள்.

அம்ரா: அண்டைக்கா? எண்டைக்கு?

ஆதம்பாவா: தேத்தண்ணி குடிங்க அண்ணன்.

அம்ரா: சாச்சா, சாம்பல்தீவுக்கு எப்ப போன நீங்க?

ஆதம்பாவா: நான் அடிக்கடி போறதுதானே.

அம்ரா: அவங்க படிவத்தை நிரப்ப முந்தியா?

ஆதம்பாவா: புள்ள, மணி மூண்டரை. உன்ட கடிதத்தை அனுப்பு. மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்.

அம்ரா: நிவாரணம் எண்டது…

ஆதம்பாவா: நிவாரணம்தான். சத்தியம் கேக்காத, நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனா நிவாரணம்தான்.

சின்னராசா: எங்களுக்கு ஒரு மனவருத்தமும் இல்லை பிள்ளை. என்ஜின் எண்டே போடும். நீர் எங்கட கண் முன்னால வளந்த பிள்ளை. என்ர மகளும் நீரும் ஒரே ரியூசனுக்குத்தானே போனனீங்கள்.

அம்ரா: இல்ல மாமா… ஐயோ, போன்.

ஆதம்பாவா: ஆரு?

அம்ரா: ஞானசேகரம் சேர்.

ஆதம்பாவா: எடு. பயப்பிடாம எடு. வாசிச்சதை அப்பிடியே சொல்லு.

சின்னராசா: எங்களிட்டக் குடுத்தாலும் நாங்கள் சொல்லுறம். என்ன சொல்லோணும் எண்டதை மட்டும் நீர் சொல்லித் தாரும்.

அம்ரா: அது… அதை இனி நான் சொல்லித் தரக்கூடாது மாமா.

ஆதம்பாவா: புள்ள, என்ன செய்யப் போறாய்? அம்ரா… உன்ட உம்மா…

அம்ரா: ஹலோ சேர். ஓம் சேர், அம்ராதான். இல்ல சேர், ஒரு ஆள் நிரப்பினதில்ல. நாற்பது பேரும் ஒண்டா இருந்து நிரப்பினவங்க, கையெழுத்தெல்லாம் அவங்கடதான்… ஏனெண்டா சேர், பிழை என்னிலதான். படிவம் அனுப்பின அண்டைக்கு சாச்சாக்குப் போன் எடுத்து, நம்பிக்கை இல்லை எண்டு வந்தாத்தான் என்ட ஆய்வு சரிவரும் எண்டு நான் சொல்லிட்டன்… இல்ல சேர், ஒருத்தரும் ஒரு உதவியும் எதிர்பாக்கேல்ல. சாச்சா சாம்பல்தீவுக்குப் போய், புள்ளைக்காக எழுதித் தாங்க எண்டு கேட்டிருக்கார்… ஓம் சேர், விளங்குது, விசாரணைக்கு வாறன். ஆனா இதையும் எழுதிக்கொள்ளுங்க சேர். நிலாவெளி ஆட்களை ஒருபோதும் நம்பமாட்டம் எண்டு அந்த இருபது பேரும் எழுதிக் குடுத்தது, நிலாவெளி ஆள் ஒருத்தர் வந்து கேட்டபடியாத்தான்.